செய்தியில் கேட்ட என் அழுகை

சினிமாவில் ஒரு அம்மா மகனைப் பறிகொடுத்துக் கதறும்போது உங்களுக்குத் தொண்டை அடைத்திருக்கிறதா? அடைத்திருந்தால் அதில் கொஞ்சம் என் கைங்கரியமாகவும் இருக்கலாம். நான் கோடம்பாக்கத்தில் டப்பிங் பேசுகிறவள். கதாநாயகிக்குப் பேசும் யோகம் எனக்கு வாய்க்கவில்லை. என் பங்கு அழுகை. வசனத்தை நடிகையே பேசியிருப்பார், கதறுவதற்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். நடிகைகள் தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், என் தொண்டைக்கு என்ன வந்தது? இருட்டில் மைக் முன்னால் நின்று, திரையில் தெரியும் முகத்தைப் பார்த்து விம்முவேன், தேம்புவேன். மாரில் அடித்துக்கொள்ளும் சத்தம் வேண்டுமென்றால் தொடையில் அடித்துக்கொள்வேன். டேக் ஓகே ஆனதும் வெளியே வந்து டீ குடிப்பேன்.

வீட்டில் ஒத்திகை பார்ப்பதும் உண்டு. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில் மாடிப் போர்ஷன் எங்களுடையது. அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு நான் அழ ஆரம்பித்தால், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் என் கணவர் தலையைத் தூக்காமலே சொல்வார், "வால்யூமைக் கொஞ்சம் கொறச்சுக்கோ. நான்தான் போட்டு அடிக்கிறேன்னு தெருவே நெனைக்கப் போவுது."

"சரிங்க, கொறச்சுக்கறேன்" என்பேன். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டுவேன். அவர் சிரிக்கும் சத்தம் சமையலறை வரை கேட்கும். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. இந்த மாதிரி அசட்டு விளையாட்டுகளிலேயே எங்கள் காலம் ஓடியது, நன்றாகத்தான் ஓடியது.

அவர் இறந்தபோது எனக்கு அழ வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, குரல் வரவில்லை. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்ததைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரியாத உறவுக்காரர் கிடையாது. அழுதால், இவளுக்கு இதுதானே தொழில் என்பார்களோ என்ற பயம் உள்ளுக்குள் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். அழாததற்கும் பேச்சு வந்தது. அவருடைய அண்ணி பக்கத்திலிருந்தவரிடம், என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார், "ஊருக்கெல்லாம் அழறவ. கட்டினவனுக்குக் கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு."

மற்ற நாளாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், என் வாய் அப்படி. அன்று அந்த 'கல்லு' உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எல்லாரும் கிளம்பிப் போன பிறகும் அது மட்டும் போகவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். முதலில் கிடைத்த படத்தில் ஒரு அம்மா, பிணவறை வாசலில் மகனைப் பார்த்துக் கதற வேண்டும். எனக்கு வழக்கமான வேலைதான். விளக்கை அணைத்தார்கள், திரையில் அந்த அம்மாவின் முகம் வந்தது, நான் வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு எதுவும் என் கையில் இல்லை. திரையில் அந்த அம்மா வாயை மூடிவிட்டாள், காட்சியும் மாறிவிட்டது, நான் நிறுத்தவில்லை. நடுவில் "ஏங்க" என்று கூப்பிட்டிருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் நான் ஓயும் வரை பதிவை நிறுத்தாமல் ஓடவிட்டார். எனக்கு நீண்ட நாள் பழக்கம் உள்ளவர். பிறகு மைக்கில் மெதுவாக, "அக்கா, அது மகன்கா. ஏங்கன்னு வந்துட்ச்சு. இன்னொண்ணு போலாமா?" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு டேக் கொடுத்தேன். வழக்கமான அழுகை. அது ஓகே ஆயிற்று. அந்தப் படம் வெளியே வரவே இல்லை.

ஆக, என் கணவருக்காக நான் வாய்விட்டு அழுதது அந்த ஒரு தடவைதான். அதுவும் என்ஜி டேக், வேண்டாம் என்று ஒதுக்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு அழுதிருக்கிறேன், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் தொண்டை பூட்டிக்கொள்ளும்.

இப்போதைய படங்களில் அம்மாக்களே குறைவு. இருக்கிற அம்மாக்களும் அழுவதில்லை, மகனோடு சேர்ந்து ஜோக் அடிக்கிறார்கள். எனக்கு வேலை குறைந்தது. அந்த இன்ஜினியர் அதற்குள் தி.நகரில் ஒரு செய்திச் சேனலுக்குப் போய்விட்டிருந்தார். அவர் சொல்லித்தான் அங்கே எனக்கும் குரல் கொடுக்கும் வேலை வந்தது. வெளிநாட்டுச் செய்திகளில் யாராவது பெண் அவள் பாஷையில் பேசுவாள், அதன் மேல் தமிழில் நான் பேச வேண்டும். அப்போதுதான் ஒரு போர் தொடங்கியிருந்தது. எந்தப் போர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் உடனே ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வீர்கள், நான் சொல்ல வந்தது காதில் ஏறாது.

செய்தியில் அழுகைக்கு இடம் இருக்காது என்று நினைத்துக்கொண்டு போனேன். எவ்வளவு பெரிய அசடு நான். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒரு சின்னப் பெண். மரியாதையான பெண்தான், எப்போதும் தூக்கம் போதாத முகம். ஒரு காட்சியைக் காட்டி, "மேடம், இவங்களுக்கு ஃபீல் வேணும்" என்பாள். அடுத்ததைக் காட்டி, "இது ப்ளெயின் போதும்" என்பாள். ஃபீல் வேண்டிய அம்மா, 'என் பிள்ளை எங்கே, யாராவது சொல்லுங்களேன்' என்று என் குரலில் கேட்பாள். ப்ளெயின் அம்மாவுக்கு, 'தன் பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்ததாக அவர் கூறுகிறார்' என்று ரயில் வருகை அறிவிப்பதுபோல நான் வாசிக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் குழந்தைகள் பிஞ்சுகள். அந்தப் பக்கத்துக் குழந்தைகள் உயிரிழந்தோரில் அடக்கம். இந்தப் பக்கத்துக்குக் கீழே வயலின் ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கத்துக்கு ஹெலிகாப்டர் சத்தம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், ஏம்மா இப்படி என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"எங்களுக்கு வர்றதே அப்படித்தான் மேடம். ஒரு பக்கத்துலேர்ந்து முகம் வருது. இன்னொரு பக்கத்துலேர்ந்து புகைதான் வருது. முகம் இருந்தா ஃபீல் போடலாம். புகைக்கு என்ன போடறது?"

அதிலும் நியாயம் இருந்தது. வெளிநாட்டுச் செய்தி ஏஜென்சிகள் அனுப்புவதை வைத்துத்தான் இவர்கள் சமைக்கிறார்கள். அங்கேயே உப்பு போட்டாகிவிடுகிறது, இவர்கள் தாளித்துக் கொட்டுகிறார்கள், நான் பரிமாறுகிறேன். ஆனால் ஒரு முறை புகைப் பக்கத்திலிருந்தும் ஒரு முகம் வந்தது. நடுத்தர வயதுப் பெண், தலையில் துணி, இடிந்த சுவருக்கு முன்னால் நிற்கிறாள். ஹெட்போனில் அவள் குரலைக் கேட்டேன். அழுகை என்றால் அதுதான் அழுகை. மூச்சு வாங்க இடம் இல்லாமல் வருகிறது, வார்த்தை பாதியில் முறிகிறது. நான் எத்தனை பயிற்சி எடுத்தாலும் எனக்கு வராது. ப்ளெயின் என்றார்கள். ப்ளெயினாக வாசித்தேன். அவள் சத்தத்தை அடியோடு இறக்கி, என் குரலை மேலே வைத்தார்கள்.

மறுநாள் காலை மாட வீதியில் நான் வழக்கமாகக் காபி குடிக்கும் கடைக்குப் போயிருந்தேன். தனியாக இருப்பவளுக்கு வீட்டில் காபி போடுவது பெரிய காரியம் இல்லை. ஆனால் காலையில் ஒருவராவது 'சர்க்கரை போதுமாமா' என்று கேட்டால் அன்றைக்கு நான் இருக்கிறேன் என்று ஆகிறது. அதற்காகவே போவேன். கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் சேனல்தான். பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் வயதான அம்மா ஒருத்தி, முகம் வரும் பக்கத்தைச் சேர்ந்தவள். இவளுக்கு நான் குரல் கொடுக்கவே இல்லை, நேற்று இரவு வந்த காட்சி போலிருக்கிறது. கேமரா அவள் முகத்துக்கு வெகு அருகே போயிற்று. அழுகை கேட்டது. முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நல்ல அழுகை என்றுதான் தொழில்முறையில் நினைத்தேன். அப்புறம் அந்த அழுகைக்கு நடுவில், வயலினுக்கு அடியில், "ஏங்க" என்று கேட்டது.

வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எங்கேயோ இருக்கிற ஊரில், அவள் பாஷையில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாத ஒரு அம்மாவின் வாயிலிருந்து நான் என் கணவரைக் கூப்பிடுகிறேன்.

ஆட்டோக்காரர் வடையைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா அழுவ அழுவுது பாரு அந்தம்மா. வயிறு எரியுதுப்பா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், பொய்யில்லை. அவரிடம் திரும்பி, அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது?

அடுத்து, நேற்று நான் வாசித்த பெண் வந்தாள். 'தன் பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்ததாக அவர் கூறுகிறார்.' அதுவும் என் குரல்தான். ஆட்டோக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது இன்னா, இப்டி கல்லு மாரி கீது? புள்ளைங்க செத்துக் கெடக்குது, ஒரு சொட்டு அழுவுதா பாரு."

கல்லு. அந்தச் சொல்லை நான் மறுபடி கேட்பேன் என்று நினைக்கவில்லை. மனிதர் கெட்டவர் இல்லை, முந்தின நிமிடம்தான் முன்பின் தெரியாதவளுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர். எதற்கு உருக வேண்டும், எதற்கு உருகக் கூடாது என்று அவர் காதுக்கு நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம், அவர் அதன்படி செய்தார். அந்தப் பெண் அழுதாள், நான் கேட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

நேராக ஆட்டோ பிடித்து தி.நகர் போனேன். அந்த நேரத்தில் பனகல் பார்க் பக்கம் துணிக்கடைகள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. போகும் வழியெல்லாம் யாரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று வசனம் தயார் செய்தேன். இன்ஜினியர் அறைக்குள் நுழைந்ததும் என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. தயார் செய்த வசனம் எல்லாம் வீணாயிற்று.

"கேட்டுருவீங்கன்னு தெரியும்கா" என்றார்.

கோடம்பாக்கத்தில் அந்த டப்பிங் தியேட்டரை மூடியபோது பழைய ஒலிகளை எல்லாம் அழித்தாராம். என்னுடைய அந்த டேக்கை மட்டும் அழிக்க மனசு வராமல் எடுத்து வைத்துக்கொண்டாராம். இங்கே வந்த பிறகு, நல்ல அழுகை ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் அதற்கு 'மதர் க்ரை குட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். போர் தொடங்கியதிலிருந்து அது எத்தனையோ அம்மாக்களுக்குப் போயிருக்கிறது. ஃபீல் பக்கத்து அம்மாக்களுக்கு மட்டும்.

அது யாருக்காக அழுதது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும்கா. உங்க வூட்டுக்காரருக்கு." அவர் என்னைப் பார்க்காமல் பட்டன்களைப் பார்த்தார். "அது மாரி ஒண்ணு நம்மகிட்ட வேற இல்லக்கா."

உலகத்தில் நான் அழுததைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அவர்மேல் எவ்வளவு கோபம் வந்ததோ, அவ்வளவு பாசமும் வந்தது. அதனால் என்னால் சரியாகச் சண்டை போட முடியவில்லை. அதை எடுத்துவிடுங்கள், எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். சத்தம் கேட்டுத் தயாரிப்பாளர் பெண் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. உண்மையாகவே மன்னிப்புக் கேட்டாள். ஆனால் அடுத்த செய்திக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்த வயதான அம்மா அதிலும் வருகிறாள். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதைப் போடுவது என்று கேட்டாள்.

அவங்க சத்தத்தையே போடேன்மா என்றேன்.

இன்ஜினியர் எங்கள் சத்தங்களை எல்லாம் இறக்கிவிட்டு, ஏஜென்சி அனுப்பிய மூல ஒலியை ஏற்றினார். கேமரா முகத்துக்கு அருகே போயிற்று. அந்த அம்மா அழவே இல்லை. ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகன் பெயர் என்று ஏஜென்சி குறிப்பில் இருந்தது. கூப்பிடுகிறாள், கொஞ்சம் நிறுத்துகிறாள், மறுபடி கூப்பிடுகிறாள். கத்தவில்லை. தெருவில் விளையாடுகிறவனை மாடி ஜன்னலிலிருந்து கூப்பிடுகிற அளவுக்குத்தான் சத்தம். எதிரே இருந்தது கல்லும் மண்ணும் குவிந்த மேடு.

நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். முதலில் தயாரிப்பாளர் பெண்தான் பேசினாள், தயங்கித் தயங்கி.

"இதை இப்படியே போட்டா, சாப்பிடக் கூப்பிடற மாதிரி இருக்கும் மேடம்."

"அப்படித்தான்மா கூப்பிடறாங்க."

"அழாத அம்மாவை யாரு மேடம் பார்ப்பாங்க? சேனல் மாத்திடுவாங்க."

எனக்கு அண்ணியின் ஞாபகம் வந்தது. கூடம், சுவர், என்னையே பார்த்துக்கொண்டிருந்த முகங்கள். அன்றைக்கு யாராவது என் பக்கத்தில் உட்கார்ந்து, அழாமல் இருக்கிற என்னையும் அப்படியே பார்த்திருந்தால் போதும் என்று இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. இடிந்த சுவருக்கு முன்னால் நின்ற அந்த இன்னொரு பெண்ணின் சத்தத்தையாவது மேலே ஏற்றுங்கள், அவள் அழுதாளே என்று சொன்னேன். அது தன் கையில் இல்லை என்றாள். முகம் இன்னும் வெளுத்தே இருந்தது.

ஆனால் பகல் செய்தியில் அந்த வயதான அம்மாவை அவளுடைய குரலோடு விட்டாள். நான் வீட்டுக்கு வந்து பார்த்தேன். அவள் கூப்பிட ஆரம்பித்த உடனேயே செய்தி வாசிப்பவர் மேலே பேசத் தொடங்கிவிட்டார். மாலைச் செய்தியில் அவள் மறுபடி அழுதாள். வேறு அழுகை. எனக்கு அந்தத் தொண்டையைத் தெரியும், நீங்களும் கேட்டிருப்பீர்கள், பிரபலமான ஒரு சீரியல் மாமியாருக்குப் பேசுகிறவள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாததால் சீக்கிரமே நின்றுவிட்டது.

இன்ஜினியர் நான் கேட்டபடியே செய்தார். அதை என் போனுக்கு அனுப்பிவிட்டு, என் கண் முன்னாலேயே அங்கிருந்து அழித்திருந்தார். மறுநாள் எனக்கு வேலை இல்லை. மதியம் ரசம் வைத்து, சாப்பிடப் பிடிக்காமல் மூடி வைத்தேன். போனைச் சமையலறை மேடையில், குக்கர் பக்கத்தில், முன்பு நான் நின்று ஒத்திகை பார்க்கும் இடத்தில் வைத்தேன். இது இனிமேல் எந்த நாட்டு அம்மாவுக்கும் போகாது, எந்தப் பக்கத்துக்கும் சேராது, என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். பட்டனை அழுத்தினேன்.

முதலில் என் மூச்சு. பிறகு அது. வயலின் இல்லாமல் கேட்க வேறு மாதிரி இருந்தது, அழகாகவே இல்லை. "ஏங்க" வந்த இடத்தில் நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய நாற்காலியில் துவைத்த துணியைக் குவித்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

கீழ் வீட்டில் ஒரு பெண் குடியிருக்கிறாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். அவள் மாடிப்படியில் பாதி ஏறி வந்து குரல் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, நியூஸ் வால்யூமைக் கொஞ்சம் கொறைங்களேன். மீட்டிங்ல இருக்கேன். யாரோ அழறது அங்க எல்லாருக்கும் கேக்குது."

எழுந்து மேடையில் இருந்த போனைப் பார்த்தேன். திரை கறுத்துக் கிடந்தது. அது எப்போதோ முடிந்துபோயிருந்தது.

"சரிம்மா, கொறச்சுக்கறேன்" என்றேன். சொன்னேனே தவிர, குறைக்கவில்லை.